ஒரு வருடம் பிந்திச் சேர்ந்தவள்

என் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தவர் அப்பா. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். வெருகலில் எங்கள் வீட்டு முற்றத்தில், காயப்போட்ட நெல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நான் பெருமையோடு நீட்டிய போட்டோப் பிரதியை ஒவ்வொரு கூடாக விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

“பிள்ளை, உன்னைத் திருகோணமலையில் கொண்டுபோய் விட்டது எந்த வருடம்?”

“2016, அப்பா.”

“இதில் 2017 என்று கிடக்கிறதே.”

வாங்கிப் பார்த்தேன். 2017தான். “அது ஒரு இலக்கம்தானே, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தேன். சொன்ன வாய் உலர்ந்துபோனது எனக்குத்தான் தெரியும். அந்த விண்ணப்பம் மூன்று நாட்களுக்கு முன்பே பதிவுத் தபாலில் கொழும்புக்குப் போய்விட்டிருந்தது.

ஒரு இலக்கத்துக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் நாட்டில் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு மாணவர்களைத் தெரிவு செய்யும்போது, இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகும். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மிச்சம் 5 சதவீதம் கல்வி வாய்ப்பில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் மட்டக்களப்பும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. ஆகவே உயர்தரப் பரீட்சையில் பெற்ற இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி) எவ்வளவு என்பதோடு, நாம் எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பதும் கணக்கு. ஒரே புள்ளி பெற்ற இரண்டு பேரில் ஒருவர் உள்ளே போவதும் மற்றவர் வெளியே நிற்பதும் இதனால் நடக்கும்.

இந்த மாவட்டம் என்பது வீடு இருக்கும் மாவட்டம் என்றுதான் எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாடசாலை மூலம் பரீட்சை எழுதியவர்களுக்கு அப்படியில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கூடிய காலம் படித்தோமோ அதுதான் நம் மாவட்டம். வீடு எங்கே, வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு வினை இங்கேதான் இருந்தது. வெருகல் திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு விளிம்பு. ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். சாதாரண தரம் வரை நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கதிரவெளியில் படித்தேன். எங்களுக்கு அதுதான் வசதி. உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஆசைப்பட்டபோது அப்பா என்னைத் திருகோணமலை நகரத்தில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அது 2016 ஜூன். பரீட்சை எழுதியது 2018 ஓகஸ்ட்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2015 ஓகஸ்டிலிருந்து 2018 ஓகஸ்ட் வரை 36 மாதங்கள். உண்மையில் கதிரவெளியில் 10 மாதம், திருகோணமலையில் 26 மாதம். ஐயத்துக்கே இடமில்லை, நான் திருகோணமலை மாவட்டம். ஆனால் 2017 ஜூன் என்று எழுதினால் கதிரவெளியில் 22, திருகோணமலையில் 14. ஒரே இலக்கம் என்னை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டது. அன்றிரவு இந்தக் கணக்கை நாலைந்து தரம் போட்டேன். விடை மாறவில்லை.

எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி குறைவாக இருக்கும் என்பது பாடநெறிக்குப் பாடநெறி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். மட்டக்களப்பு என்று போனால் எனக்கு இலாபமாகக்கூட இருந்திருக்கலாம். அதுவும் அன்றிரவு மனதில் ஓடத்தான் செய்தது. ஆனால் பதிவுக்குப் போகும்போது மூலப் பத்திரங்களைப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் தெரிவையே நீக்கிவிடலாம். தெரிந்த பிழையைத் திருத்தாமல் விட்டால் அது அதற்கு மேல் பிழை அல்ல, பொய். இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு ஒரு முழு இரவு பிடித்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பிழை எப்படி வந்தது என்று கேட்டால், கடையில் வந்தது. நகரத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்டே போட்டோப் பிரதி எடுக்கும், ரீலோட் போடும், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை. கொமினிகேஷன் என்போம். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். கடை அண்ணா கேட்கக் கேட்க நான் சொன்னேன், அவர் தட்டினார். நான் 2016 என்று சொன்னேனா, 2017 என்று சொன்னேனா என்பது இன்றுவரை தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையில் முழுவதையும் காட்டி “சரியா பாருங்கள் தங்கச்சி” என்றுதான் சொன்னார். நான் பார்த்தது பெயரையும் பாடநெறி வரிசையையும் மட்டும். பாடநெறிக் குறியீடுகளை, அந்த மூன்று இலக்கத்தையும் கடைசி எழுத்தையும், பத்துத் தரம் சரிபார்த்தேன். பயம் இருந்த இடத்தில் பிழை விடவில்லை. பயமே இல்லாத கூட்டில்தான் விட்டேன்.

அச்சடித்த படிவத்தில் பாடசாலை அதிபர் உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவரும் இட்டார். அன்று அவர் மேசையில் இருபது முப்பது படிவங்கள் கிடந்தன.

அடுத்த நாள் விடியற்காலை பஸ்ஸில் நகரத்துக்குப் புறப்பட்டேன். மூதூர், கிண்ணியா வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் அந்த இடத்தைப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. அப்பாவின் காலத்தில் இப்படி ஒரு பிழை நேர்ந்திருந்தால் திருத்தப் போய்வருவதே ஒரு பெரும் பயணம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு மகா யோசனை கண்டுபிடித்தேன். புதிய மின்னஞ்சல் ஒன்று திறந்து, சரியான திகதியோடு இரண்டாவது விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுவது. முதலாவதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடை அண்ணா கேட்டுவிட்டுச் சிரித்தார். “தங்கச்சி, அடையாள அட்டை இலக்கம் ஒன்றுதானே? ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் எது உண்மை என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். இரண்டையும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.”

பதற்றத்தில் செய்யும் திருத்தம் முதல் பிழையைவிடப் பெரிய பிழை ஆகிவிடும் என்பதை அந்தக் கடையில் வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். பிறகு பல பிள்ளைகளிடமும் இதே யோசனையைக் கேட்டுவிட்டேன். எல்லோருக்கும் அது சொந்தக் கண்டுபிடிப்பாகத்தான் தோன்றுகிறது.

அங்கே இன்னொன்றும் தெரிய வந்தது. என் கணக்கைத் திறந்தபோது அவர் கொடுத்திருந்த மின்னஞ்சல் கடையுடையது. கைத்தொலைபேசி இலக்கமும் அவருடையது. அவசரத்துக்குச் செய்ததாம். எனக்கு ஏதாவது அறிவித்தல் வந்தால் அது அந்தக் கடைக்குத்தான் வரும். என் படிவத்தின் பிரதி அவருடைய கணினியில், வேறு நாற்பது பிள்ளைகளின் படிவங்களோடு ஒரே கோப்புறையில் கிடந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் திறந்து பார்க்கலாம். என் பிரதியை எனக்கு அனுப்பச் சொல்லி, பிறகு அங்கிருந்து அழிக்கச் சொன்னேன். கேட்டால் செய்வார்கள், நாம் கேட்பதில்லை.

நல்ல காலம், இறுதித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கடைசி நாளில் அனுப்பியிருந்தால் இந்தக் கதை வேறு விதமாக முடிந்திருக்கும். மாணவர்களைத் தெரிவு செய்யும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர் அமைதியாகக் கேட்டார். இணையத்தில் சமர்ப்பித்ததை இனி நானாக மாற்ற முடியாது, எழுத்தில் அனுப்புங்கள், பாடசாலையின் உறுதிப்படுத்தலோடு அனுப்புங்கள் என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடமும் ஆகவில்லை. யாரிடம் பேசினோம், எந்த நாள், என்ன சொன்னார் என்பதைக் கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதுவதற்கு டச்சு விரிகுடாக் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். பெரியம்மா வீட்டில் எழுதினால் அழுதுவிடுவேன் என்று பயம். அங்கே மான்கள் வரும். எங்கள் நகரத்து மான்களுக்கு மனிதர் பயமே கிடையாது, கையில் கடதாசி கண்டால் கிட்டே வந்து மோப்பம் பிடிக்கும். ஒரு மான் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு பக்கம் எழுதினேன். அப்பா வயல் செய்பவர், வெள்ளத்தில் இரண்டு போகம் போனது, ஆற்றைக் கடந்து படித்தேன், பெரியம்மா வீட்டில் நின்று படித்தேன், தயவுசெய்து என் எதிர்காலத்தைக் காப்பாற்றுங்கள். எதிர்காலம் என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது.

உவர்மலையில் பெரியம்மா வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருந்தார். சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் அதிகாரமுள்ள சமாதான நீதவான். அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு முழுவதையும் பொறுமையாக வாசித்தார்.

“நன்றாக எழுதியிருக்கிறாய், பிள்ளை. இதை வைத்துக்கொள். அனுப்பாதே.”

“ஏன் சேர்?”

“அங்கே இதை வாசிக்கிறவர் உன் எதிரி இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கோவைகள். எந்தக் கூட்டில் எந்த எண்ணை மாற்ற வேண்டும், எதை நம்பி மாற்ற வேண்டும், இவ்வளவுதான் அவருக்குத் தேவை. உன் இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் 2016 என்பதே வருகிறது.”

அவர் சொல்லச் சொல்ல எழுதியது ஏழு வரி. மேலே நடுவில், விண்ணப்பத் தகவல் திருத்தம் என்று தலைப்பு. பிறகு முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பரீட்சைச் சுட்டெண், விண்ணப்ப இலக்கம். இன்ன திகதியில் இன்ன இலக்கப் பதிவுத் தபாலில் அனுப்பிய என் விண்ணப்பத்தில், தற்போதைய பாடசாலையில் சேர்ந்த திகதி 2017 ஜூன் எனத் தவறாக எழுதப்பட்டுள்ளது. அது 2016 ஜூன் என இருக்க வேண்டும். தவறு என்னால் நேர்ந்தது. ஆதாரமாக அதிபரின் கடிதத்தையும் விடுகைப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியையும் இணைத்துள்ளேன். இத்திருத்தத்தை என் கோவையில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கையெழுத்து, திகதி, என் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கம்.

“தவறு என்னால் நேர்ந்தது” என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கடையில் நேர்ந்தது என்று எழுதினால் என்ன? “எழுதினால் கடைக்காரரின் கடிதத்தையும் கேட்பார்கள்” என்றார்.

தமிழில் எழுதுவது நம் உரிமை, அதை விடாதே, ஆனால் விரைவாக வேலை நடக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் ஒரு பிரதியையும் பின்னால் வை என்றும் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. வைத்தேன்.

விடுகைப் பத்திரத்தைத் தேடுவது தனிக் கதை. கதிரவெளிக்குப் போக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாடசாலை மாறும்போது அந்தப் பத்திரத்தைப் புதிய பாடசாலையில் கொடுத்துத்தானே சேர்கிறோம்? அது என் நகரப் பாடசாலையின் அலுவலகக் கோவையில்தான் இருந்தது. சேர்விலக்கம் சொன்னதும் எழுதுவினைஞர் பதிவேட்டைத் திறந்தார். என் பெயர், நேரே 2016 ஜூன் திகதி, பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. அப்பா கையெழுத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி எழுதுவார். அதைப் பார்த்ததும் ஒரு கணம் கண் கலங்கிப்போனது. சேர்விலக்கத்தை எங்கேயாவது எழுதி வைத்திருங்கள். அந்த ஓர் எண் இல்லாவிட்டால் எழுதுவினைஞர் பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

அதிபரிடம் கடிதம் கேட்கப் போனபோதுதான் அதிகம் பயந்தேன். அவர் உறுதிப்படுத்திய படிவத்தில் பிழை இருந்தது என்று அவரையே எழுதச் சொல்ல வேண்டும் அல்லவா? அவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நானும் பார்க்கவில்லை” என்றார். கடிதத்தில் பதிவேட்டின்படி சேர்ந்த திகதி இது என்று மட்டும் எழுதி முத்திரை குத்தினார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் இரண்டாவது பிழையும் வெளியே வந்தது. என் அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயரில் ‘எச்’ என்ற எழுத்து ஒன்று இருக்கிறது, பரீட்சைப் பெறுபேற்றில் இல்லை. விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதியிருந்தேன். தமிழ்ப் பெயர்களுக்கு இது தலைவிதி. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு விதம், பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் யார் யாரோ தம் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதுவது. இதற்குச் சத்தியக் கடதாசி போதும் என்றார் நீதவான் ஐயா: இந்த இரண்டு பெயராலும் குறிக்கப்படுபவள் நான் ஒருத்தியே என்று.

கெட்டிக்காரியாக நான் அதைத் தட்டச்சு செய்து, கையெழுத்தையும் போட்டு, அவர் இட வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கொண்டுபோனேன். தாளைத் திருப்பித் தந்தார். சத்தியம் செய்கிறவர் தம் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டுமாம். ஏற்கெனவே இட்டதில் தாம் எப்படி இடுவது? மறுபடி கடைக்குப் போய் மறுபடி தட்டச்சு. அந்தக் கடைக்கு என்னால் நல்ல வருமானம். அதோடு, பெயருக்குத் தனிக் கடிதம் எழுத வைத்தார். இரண்டு பிழையை ஒரே கடிதத்தில் எழுதினால் ஒன்றுதான் திருத்தப்படும் என்பது அவருடைய முப்பது வருட அலுவலக அனுபவம்.

இரண்டு உறைகளையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்த முறை எல்லாத் தாளையும், உறையின் முகப்பையும்கூட, கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். பற்றுச்சீட்டை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி தொலைபேசி எடுத்தபோது, கேட்டவருக்கு அந்தப் பற்றுச்சீட்டின் இலக்கத்தைத்தான் முதலில் சொன்னேன். சற்று நேரம் காத்திருக்கச் சொன்னார். திகதித் திருத்தம் கோவையில் சேர்ந்திருக்கிறது என்றார். பெயர்க் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அதுவும் இருக்கிறது, பதிவின்போது மூலச் சத்தியக் கடதாசியைக் கொண்டுபோங்கள் என்றார். நல்ல வேளையாக நான் அனுப்பியது பிரதி. மூலப் பத்திரம் எதையும் கேட்காமல் தபாலில் அனுப்பாதீர்கள். ஒரு தடவை கைவிட்டுப் போனால் மறுபடி எடுப்பது பெரிய வேலை.

திருகோணமலை மாவட்ட அடிப்படையில் எனக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் கிடைத்தது. விவசாய பீடம் இருப்பது வந்தாறுமூலையில், மட்டக்களப்பு மாவட்டத்தில். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை என்று நிரூபிக்க அவ்வளவு ஓடித் திரிந்துவிட்டு, படித்து முடிக்கும் வரை ஒவ்வொரு விடுமுறைக்கும் அதே ஆற்றைக் கடந்து போய் வந்தேன். பஸ் கதிரவெளியைத் தாண்டும்போது அம்மா எடுத்த தொலைபேசிக்கு “வீட்டுக்குக் கிட்டே வந்துவிட்டேன்” என்பேன். அங்கே மாவட்டக் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருகிறார்கள். அந்தந்த ஆண்டு மாணவர் கைநூலை முதலில் வாங்கச் சொல்கிறேன். என் காலத்து விதியை நான் சொன்னேன் என்று எழுதிவிட்டு வந்து நிற்கக் கூடாது. சமர்ப்பிக்கும் முன் ஓர் இரவு விடச் சொல்கிறேன். முக்கியமாக, படிவத்தைப் படிப்பாளி ஒருவரிடம் காட்டாதே, உன் வாழ்க்கையைத் தெரிந்த ஒருவரிடம் காட்டு என்கிறேன். படித்தவர்கள் எழுத்துப்பிழை பார்ப்பார்கள். நீ எந்த வருடம் எங்கே இருந்தாய் என்பது உன் வீட்டாருக்குத்தான் தெரியும்.

தம்பி தன் படிவத்தைக் கொண்டுவந்தபோது அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் விரல் ஊர்ந்தது. பாடசாலை, திகதி, சேர்விலக்கம், பெயர், எல்லாம் சரி. ஒரு பிழையும் இல்லை என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் தாளைத் திருப்பித் தந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். தொலைபேசி இலக்கம் இருந்த கூட்டில் கடை அண்ணாவின் இலக்கம்.